பெனால்டி கில்லா, ஒழுக்கமா: சிம் ஹொக்கி லீக்கில் எதை முதலில் சரிசெய்வது? முழுமையான வழிகாட்டி

சிம் லீக்கில், அதாவது ஆளுக்கொரு ஐஸ் ஹொக்கி அணியை முகாமை செய்து ஆட்டங்களைக் கணினி மென்பொருளில் ஓடவிடும் லீக்கில், புதிதாக அணி எடுத்தவர்கள் சில ஆட்டங்களிலேயே கேட்கும் கேள்வி இது: "அண்ணை, பவர் பிளேயில கோல் கோலா வாங்கிறம். நல்ல பெனால்டி கில்லர் ஆரைப் பிடிக்கலாம்?" பெனால்டி வாங்கியவர் வெளியே இருக்கும் நேரம் அவருடைய அணி ஆள் குறைந்து ஆடும். அது எதிரணிக்குப் பவர் பிளே. அந்த நேரம் கோல் விழாமல் தடுப்பதுதான் பெனால்டி கில். கிளிநொச்சி, பரந்தன், மல்லாவி, முள்ளியவளைப் பக்கம் எனக்குத் தெரிந்த பெடியள் பலர் கனடாவில் இருக்கும் மச்சான்மார் வழியாகத்தான் இந்த ஆட்டத்துக்குள் வந்தார்கள். ஐஸ் ஹொக்கியை நேரில் பார்த்திராதவர்களும் எண்களை விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். தடுமாறுவது வரிசையில்தான்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்.

முதலில் எத்தனை தடவை ஆள் குறைந்து ஆடுகிறோம் என்பதைக் குறைக்க வேண்டும். பெனால்டி கில்லைக் கட்டுவது அதற்குப் பிறகு. குளக்கட்டில் எங்கே கசிகிறது என்று பார்க்காமல் மண்மூட்டை வாங்கிக் குவிப்பதுபோல, பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கீழே சொல்லும் படிகளை அதே ஒழுங்கில் செய்யுங்கள். ஒரு படியில் கிடைக்கும் எண்தான் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் லீக் எந்த மென்பொருளில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சைமன் டி ஹொக்கி சிமுலேட்டர் என்றால் வீரரின் டிசிப்ளின் (பெனால்டி வாங்காத ஒழுக்கம், எண் கூடினால் நல்லது) ஒரே எண்ணாக, டி.ஐ. என்ற நிரலில் இருக்கும். பக்கத்திலேயே செக்கிங் (உடலால் மோதித் தடுப்பது), டிஃபென்ஸ், ஃபேஸ் ஓஃப் (இருவருக்கு நடுவே பக் என்ற தட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது), எண்டூரன்ஸ் (களைக்காமல் ஆடும் திறன்) எண்களும் இருக்கும். ஈஸ்ட்சைட் ஹொக்கி மேனேஜர், பிரான்சைஸ் ஹொக்கி மேனேஜர் போன்றவற்றில் நிரல்களின் பெயரும் அமைப்பும் வேறு. அங்கே ஆக்ரோஷம் போன்ற பல குணங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். படிகளின் ஒழுங்கு எல்லாவற்றுக்கும் ஒன்றே.

அடுத்தது லீக்கின் விதிக்கோவை. அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். வீரர்களின் எண்கள் பருவத்தின் நடுவில் மாறுமா? சண்டை அனுமதி உண்டா? வரிசைகளை (யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியலை) அனுப்பக் கடைசி நேரம் எது? பலர் மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். எண்கள் நடுவில் மாறும் லீக்கில், போன வருடத்து டிசிப்ளின் எண்ணை நம்பி ஆள் வாங்கினால் வீண்செலவு.

பிறகு நேரக் கணக்கு. இங்கிருந்து விளையாடுபவர்களுக்கு இது முக்கியம். லீக் ரொறன்ரோ நேரம் இரவு 8 மணிக்கு வரிசைகளைப் பூட்டினால், நமக்கு அது குளிர்காலத்தில் மறுநாள் காலை 6.30, கோடையில் காலை 5.30. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாங்கள் மாற்றுவதில்லை. அந்த மார்ச் ஞாயிறுக்குப் பிறகு வழக்கம்போல 6 மணிக்கு எழும்பிப் பார்த்தால் பூட்டி அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். வரிசைகளை முதல்நாள் மாலையே அனுப்பிவிடுங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையில் மின்சாரமோ டேட்டாவோ எந்த இரவில் போகும் என்று சொல்ல முடியாது. லீக் பருவமும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் தொடங்கும்.

கடைசியாக ஒரு எக்ஸெல் தாள். போனில் இருந்தாலும் போதும். வீரர் பெயர், ஆடிய நிமிடம், மைனர் (இரண்டு நிமிடத் தண்டனை) எண்ணிக்கை, மேஜர் (ஐந்து நிமிடத் தண்டனை) எண்ணிக்கை, டிசிப்ளின், டிஃபென்ஸ், ஃபேஸ் ஓஃப் என்று ஏழு நிரல்கள்.

2. நிமிடத்தை எண்ணாதீர்கள், தடவையை எண்ணுங்கள்

அணியின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது பெனால்டி நிமிடங்கள். பலரும் அதை வைத்தே குற்றவாளியைத் தேடுகிறார்கள். அதிக நிமிடம் உள்ளவனைப் பிடித்து வெளியே போடுகிறார்கள். அணி மாறுவதில்லை.

ஏன் என்று ஒரு எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒரு வீரருக்கு 120 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிரித்துப் பார்க்கிறீர்கள்: 12 சண்டைக்கு ஐந்தைந்தாக 60, இரண்டு மிஸ்கொண்டக்டுக்குப் பத்துப்பத்தாக 20, மிச்சம் 40 நிமிடம் 20 மைனர்கள். இன்னொருவருக்கு 64 நிமிடம்தான், ஆனால் எல்லாமே இரண்டு நிமிட மைனர். அதாவது 32 தடவை.

சண்டையில் இரு பக்கமும் ஆளுக்கொரு மேஜர் வாங்கினால் இரண்டு அணிக்கும் ஆள் குறையாது. மிஸ்கொண்டக்டில் வீரர் பத்து நிமிடம் வெளியே இருப்பார், அவருக்குப் பதிலாக இன்னொருவர் இறங்கலாம். ஆகவே முதலாமவர் அணியை ஆள் குறையவைத்தது ஏறத்தாழ 20 தடவை, இரண்டாமவர் 32 தடவை. 64 நிமிடக்காரர்தான் உங்கள் பிரச்சினை. அவர் பட்டியலில் கீழே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

அணி மட்டத்திலும் இதே கதைதான். பார்க்க வேண்டிய நிரல், எத்தனை தடவை ஆள் குறைந்து ஆடினோம் என்பது. ஒரே நேரத்தில் இரு அணிக்கும் மைனர் விழுந்தவை அதில் சேராது. லீக் பக்கத்தில் அந்த நிரல் இல்லாவிட்டால், எதிரணிகளுக்குக் கிடைத்த பவர் பிளே எண்ணிக்கையை எடுங்கள். இரண்டும் ஒன்றே.

அந்த எண்ணை ஆடிய ஆட்டங்களால் வகுத்து, லீக் சராசரியோடு ஒப்பிடுங்கள். உண்மையான என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்) ஆட்டத்தில் ஒரு அணி அண்மைக் காலத்தில் சராசரியாக மூன்று தடவை அளவில் ஆள் குறைந்து ஆடுகிறது. சிம் லீக்கில் இது கூடக் குறைய இருக்கும். அதனால் உங்கள் லீக்கின் சொந்தச் சராசரியை மட்டும் அளவுகோலாக வையுங்கள்.

3. கோலாக மாற்றிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். "எங்கட பெனால்டி கில் மோசம்" என்ற பேச்சுக்கும் உண்மைக்கும் எவ்வளவு தூரம் என்று இங்கேதான் தெரியும்.

ஆள் குறைந்த தடவைகளை, தடுக்கத் தவறிய வீதத்தால் பெருக்குங்கள். ஆட்டத்துக்கு 5 தடவை, பெனால்டி கில் 80 சதவீதம் என்றால், ஆட்டத்துக்கு 1 கோல் வாங்குகிறீர்கள். இப்போது இரண்டு வழி. பெனால்டி கில்லை 84 சதவீதமாக உயர்த்தினால் அது 0.8 கோல் ஆகும். பெனால்டி கில்லைத் தொடாமல் தடவையை 5-இலிருந்து 4 ஆக்கினாலும் 0.8 கோல்தான். பயன் ஒன்றே, செலவு ஒன்றல்ல.

80-ஐ 84 ஆக்குவது என்பது லீக்கின் நடுவில் நிற்கும் பெனால்டி கில்லை முன்வரிசைக்குக் கொண்டுபோவது. அதற்கு நல்ல பின்கள வீரர் ஒருவர் வேண்டும், பெரும்பாலும் நல்ல கோல்காப்பாளரும் வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு மைனரைக் குறைப்பதற்கு யாரையும் வாங்க வேண்டியதில்லை. இருக்கிற ஆட்களை இடம் மாற்றினாலே பெரும்பகுதி கிடைத்துவிடும்.

82 ஆட்டப் பருவத்தில் அந்த 0.2 கோல் 16 கோலுக்கு மேல். ஹொக்கிக் கணக்குப் பார்ப்பவர்கள் பொதுவாக ஆறு கோல் வித்தியாசத்தை ஒரு வெற்றிக்குச் சமமாக எடுப்பார்கள். அப்படியானால் இரண்டரை வெற்றிக்கு மேல் வரும். பிளேஓஃப் (பருவ முடிவில் முன்னணி அணிகள் ஆடும் வெளியேற்றச் சுற்று) எல்லையில் நிற்கும் அணிக்கு அது பெரிய விஷயம்.

இன்னொன்றும் உண்டு. ஆள் குறைந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் முதல் வரிசை (சிறந்த முன்கள மூவர்) பெஞ்சில் இருக்கிறது. உங்கள் சொந்தத் தாக்குதலும் அங்கே தொலைகிறது. எவ்வளவு நல்ல பெனால்டி கில்லும் அந்த நேரத்தைத் திருப்பித் தராது. மைனரே விழாவிட்டால் அந்த நேரம் முழுவதும் உங்களுடையது.

இந்தக் கணக்கைப் போட்டபின் உங்கள் தடவை எண் லீக் சராசரிக்குக் கீழே இருந்தால், 4-ஆம், 5-ஆம் படிகளை விட்டு நேரே 6-க்குப் போகலாம். சராசரிக்கு மேலே இருந்தால் தொடருங்கள்.

4. அறுபது நிமிடத்துக்கு எத்தனை?

யார் மைனர் வாங்குகிறார் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு நேரம் ஆடி வாங்குகிறார் என்பதையும் சேர்க்க வேண்டும். தாளில் எட்டாவது நிரலாக ஒன்று போடுங்கள்: மைனர் எண்ணிக்கையை ஆடிய நிமிடத்தால் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள்.

41 ஆட்டம் முடிந்த நிலையில் இரண்டு பேரை எடுப்போம். முதலாவது, முதல் ஜோடிப் பின்கள வீரர். ஆட்டத்துக்கு 22 நிமிடம் ஆடுகிறார், மொத்தம் 902 நிமிடம், 30 மைனர். அறுபது நிமிடத்துக்கு 2. இரண்டாவது, நான்காம் வரிசை முன்கள வீரர். ஆட்டத்துக்கு 8 நிமிடம், மொத்தம் 328 நிமிடம், 14 மைனர். அறுபது நிமிடத்துக்கு 2.6-க்குக் கிட்ட.

பார்த்தவுடனே 30 மைனர் வாங்கியவரின் நேரத்தைக் குறைக்கத்தான் கை போகும். செய்து பார்ப்போம். அவரை 18 நிமிடமாக்கி, மிச்ச 4 நிமிடத்தை, அறுபது நிமிடத்துக்கு 0.8 மைனர் வாங்கும் ஒழுக்கமான ஒருவருக்குக் கொடுத்திருந்தால், அந்த 41 ஆட்டத்தில் மிச்சப்படுவது மூன்று மைனர் அளவுதான். அதற்கு விலையாக உங்கள் சிறந்த பின்கள வீரரை ஒவ்வொரு ஆட்டத்திலும் நான்கு நிமிடம் இழக்கிறீர்கள். நட்டம்.

நான்காம் வரிசைக்காரரை முழுதாக எடுத்துவிட்டு அதே 0.8 ஆளை வைத்திருந்தால் 14 மைனர் 4 அல்லது 5 ஆகியிருக்கும். ஒன்பது, பத்து மைனர் மிச்சம். கோலாகப் பார்த்தால் இரண்டு. நான்காம் வரிசையில் எட்டு நிமிடம் ஆடுபவரின் இடத்தை நிரப்ப ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. லீக்கில் எந்த அணியும் சேர்க்காமல் விட்டவர்களிலேயே இருப்பார்கள்.

ஆகவே, கொஞ்ச நேரம் ஆடிக் கூடுதலாக மைனர் வாங்குபவர்களை முதலில் மாற்றுங்கள். நெடுநேரம் ஆடும் நல்லவர்களைக் கடைசிவரை தொடாதீர்கள். வன்னிப் பெடியளிடம் நான் அடிக்கடி காணும் பிழை இதன் மறுதலைதான். பெரிய பெயர்க்காரர்மேல் கோபம் வந்து அவரை விற்றுவிடுவார்கள். அடிதடிக்காரரை மட்டும் "அவன் இல்லாட்டி எங்கட ஆக்களை அடிச்சுப்போடுவாங்கள்" என்று வைத்திருப்பார்கள். அவர் உண்மையிலேயே உங்கள் ஆட்களைக் காக்கிறாரா என்று மென்பொருளின் கையேட்டில் தேடுங்கள். அப்படி ஒரு விளைவு அங்கே எழுதப்பட்டிருக்காவிட்டால், அந்த எட்டு நிமிடத்துக்கு வேறு நியாயம் இல்லை.

ஆட்ட அறிக்கையில் 'இரண்டாம் பீரியட், 14:07, ஹுக்கிங், 2 நிமிடம்' என்று ஒரு வரி வரும். சிலர் ஹுக்கிங் எத்தனை, டிரிப்பிங் எத்தனை, ரஃபிங் எத்தனை என்று தனித்தனியே அட்டவணை போடுகிறார்கள். குற்றத்தின் பெயரை விடுங்கள். அந்த வரியில் வேண்டியது ஆளும் நேரமும் மட்டும். ஒருவருடைய மைனர்கள் மூன்றாம் பீரியடின் பின்பாதியில் கூடுகின்றன என்றால் அவருடைய எண்டூரன்ஸ் எண்ணைப் பாருங்கள். அது தாழ்வாக இருந்தால் ஆடும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம். அது ஒன்றே அங்கே செய்யத்தக்க திருத்தம்.

5. ஆளை மாற்றுமுன் அமைப்பை மாற்றுங்கள்

சைமன் டி சிமுலேட்டரில் ஒவ்வொரு வரிசைக்கும் மோதல், தற்காப்பு, தாக்குதல் மூன்றுக்கும் புள்ளி பிரித்துக் கொடுக்க வேண்டும். மற்ற மென்பொருள்களில் இது சறுக்குப்பட்டையாகவோ தெரிவுப்பட்டியலாகவோ இருக்கும். புதிதாக வருபவர்கள் மூன்றாம், நான்காம் வரிசைகளுக்கு மோதலைக் கூட்டிவைப்பார்கள், 'அடித்து ஆடும் வரிசை' என்று. மோதல் கூடினால் செக் கூடும், அதோடு பெனால்டியும் வரும். டிசிப்ளின் குறைந்த ஆட்கள் அந்த வரிசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்து அடிக்கும்.

மோதலுக்கு இரண்டு புள்ளி கொடுத்திருந்தால் ஒன்றாக்குங்கள். எடுத்த புள்ளியைத் தற்காப்புக்குக் கொடுங்கள். தாக்குதலுக்கு மாற்றினால் வேறொரு இடத்தில் கோல் வாங்குவீர்கள். அப்போது எந்த மாற்றம் என்ன செய்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். ஒரே இரவில் புள்ளியையும் மாற்றி, வரிசையையும் கலைத்து, இரண்டு ஆளையும் விற்றுவிட்டு, பத்து ஆட்டத்துக்குப் பிறகு "எது வேலை செய்தது அண்ணை?" என்று கேட்டால் என்னாலும் சொல்ல முடியாது.

இன்னொரு சின்ன விஷயம். டிசிப்ளின் குறைந்தவர்கள் மூவரை ஒரே வரிசையில் சேர்க்காதீர்கள். அந்த வரிசையில் ஒருவர் பெனால்டிப் பெட்டிக்குள் போனால் ஆட்டம் முழுவதும் வரிசைகள் குலையும். ஒவ்வொருவராகப் பிரித்து, ஒழுக்கமான இருவர் பக்கத்தில் வையுங்கள்.

6. இனிப் பெனால்டி கில்

இங்கே வரும்போது உங்கள் தடவை எண் லீக் சராசரியிலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். சரி, இப்போது கட்டலாம்.

ஐந்துக்கு நான்கு என்றால் இரண்டு முன்கள வீரர், இரண்டு பின்கள வீரர். இந்த நால்வர் சேர்ந்ததுதான் பெனால்டி கில் அணி. மாறிமாறி இறக்க இப்படி இரண்டு வேண்டும். ஆள் தெரிவுசெய்யும்போது பலர் டிஃபென்ஸ் எண்ணை மட்டும் இறங்குவரிசையில் அடுக்கி மேலே இருக்கும் நான்கு பேரை எடுக்கிறார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நால்வரில் யார் அடிக்கடி பெனால்டிப் பெட்டியில் இருக்கிறார்?

இது நிறையப் பேர் கவனிக்காத இடம். 4-ஆம் படியில் பார்த்த 22 நிமிடப் பின்கள வீரரையே எடுங்கள். அவர்தான் அணியின் சிறந்த பெனால்டி கில்லர் என்று வையுங்கள். அணியின் மைனர்களில் 30 அவருடையது. அந்த முப்பது தடவையும் அவர் பெட்டிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார், அவர் இடத்தில் ஐந்தாவது, ஆறாவது பின்கள வீரர் நிற்பார். அணி 41 ஆட்டத்தில் 180 தடவை ஆள் குறைந்து ஆடியிருந்தால், ஆறில் ஒரு பங்கு தடவை உங்கள் சிறந்தவர் களத்தில் இல்லை. அவரைப் பார்த்துப் பெனால்டி கில்லை மதிப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். அதனால் அவரை முதல் அணியில் வையுங்கள், ஆனால் அவர் இல்லாதபோது அந்த இடத்துக்கு வரப்போகிறவர் யார் என்று பார்த்து அவரையும் தயார்செய்யுங்கள்.

டிசிப்ளினைப் பெனால்டி கில் அணியில் முன்னைவிடக் கடுமையாகப் பார்க்க வேண்டும். ஆள் குறைந்து ஆடும்போது இன்னொரு மைனர் விழுந்தால் ஐந்துக்கு மூன்று. அங்கே கோல் விழும் வாய்ப்பு மிகவும் கூடும். டிஃபென்ஸ் எண்ணில் இரண்டு மூன்று புள்ளி குறைந்தாலும் டிசிப்ளினில் பத்துப் புள்ளி கூடியவர் கிடைத்தால் நான் அவரையே எடுப்பேன். இந்த அணிகளுக்கு மோதல் புள்ளி பூச்சியம். தாக்குதலும் பூச்சியம். ஆள் குறைந்தபோது கோல் அடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஃபேஸ் ஓஃப். பெனால்டி விழுந்ததும் ஃபேஸ் ஓஃப் தண்டிக்கப்பட்ட அணியின் எல்லைக்குள் நடக்கும். அதை வென்று பக்கை மறுகோடிக்கு அடித்துவிட்டால், எதிரணி திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு மீண்டும் உள்ளே நுழைந்து அமைப்பைக் கட்ட வேண்டும். ஆள் குறைந்த அணி அப்படி நீளமாக அடித்தால் ஐசிங் (ஆட்டத்தை நிறுத்தி, ஃபேஸ் ஓஃபை அடித்த அணியின் எல்லைக்கே திருப்பிக் கொண்டுவருவது) கிடையாது. இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு தடவையும் இப்படிச் சில விநாடிகள் கரைவது பெரிய லாபம். எனவே இரண்டு முன்கள வீரரில் ஒருவராவது நல்ல ஃபேஸ் ஓஃப் எண் உள்ள சென்டராக (நடு முன்கள வீரராக) இருக்கட்டும். முதல் வரிசைச் சென்டரை இதற்கு இழுக்காதீர்கள். மூன்றாம் வரிசைச் சென்டர்தான் இதற்கு ஏற்ற ஆள்: டிஃபென்ஸ் உண்டு, ஃபேஸ் ஓஃப் உண்டு, ஆடும் நேரமும் மிச்சம் இருக்கும்.

நேரப் பங்கீட்டைப் பார்ப்போம். புதியவர்கள் முதல் அணிக்கு 80 சதவீதம் கொடுத்துவிடுகிறார்கள். அதில் நிற்கும் பின்கள வீரர்கள் ஐந்துக்கு ஐந்திலும் நெடுநேரம் ஆடுபவர்கள். ஆட்டத்துக்கு நான்கு பெனால்டி என்றால் எட்டு நிமிடம், அதில் ஆறரை நிமிடத்துக்குக் கிட்ட அவர்களுக்குக் கூடுகிறது. களைப்பு மூன்றாம் பீரியடில் தெரியும், களைத்தவர் இன்னொரு மைனர் வாங்குவார். 55-க்கு 45, கூடினால் 60-க்கு 40 போதும்.

சில மென்பொருள்கள் பெட்டி, வைரம் என்று அமைப்பையும் தெரிவுசெய்யச் சொல்லும். பெட்டி என்பது நால்வரும் நான்கு மூலையில் நின்று கோலுக்கு முன்னால் உள்ள இடத்தைக் காப்பது. வைரத்தில் ஒருவர் மேலே ஏறி நீலக்கோட்டு ஷொட்டுக்காரரை நெருக்குவார், இருவர் பக்கங்களைப் பார்ப்பார்கள். கால் வேகம் உள்ள ஆட்கள் இல்லாமல் வைரம் வேண்டாம். ஒருவர் பிந்தினாலும் நடு திறந்துவிடும். சந்தேகம் இருந்தால் பெட்டியிலேயே நில்லுங்கள்.

மூன்று பேர் அணியை மறக்காதீர்கள். ஒரு முன்கள வீரர், இரண்டு பின்கள வீரர். பலர் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. மென்பொருள் தானாக நிரப்பிய ஆட்கள் அங்கே நிற்பார்கள், சில வேளை உங்கள் கோல் அடிக்கும் விங்கர் ஐந்துக்கு மூன்றில் ஓடிக்கொண்டிருப்பார். இது ஐந்துக்கு மூன்றுக்கு மட்டுமல்ல. என்.எச்.எல். 2015-16 பருவத்திலிருந்து வழக்கமான பருவத்தின் மேலதிக நேரத்தை மூன்றுக்கு மூன்றாக ஆடுகிறது. அங்கே பெனால்டி விழுந்தால் தண்டிக்கப்பட்ட அணி இரண்டாகக் குறையாது, எதிரணிக்கு ஒருவர் கூடி நான்குக்கு மூன்றாகும். உங்கள் லீக் அந்த விதியைப் பின்பற்றினால் மேலதிக நேரத்தின் ஒவ்வொரு பெனால்டியும் மூன்று பேருடன்தான் தடுக்கப்படும், ஒரு கோல் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

7. கோல்காப்பாளர்

சுருக்கமாகச் சொன்னால், பெனால்டி கில் வீதத்தில் பெரும்பங்கு அவருடையது. நால்வரையும் சரியாக வைத்தும் வீதம் ஏறவில்லை என்றால், ஐந்துக்கு ஐந்தில் அவருடைய சேவ் வீதம் எப்படி என்று பாருங்கள். அங்கேயும் தாழ்வு என்றால் பெனால்டி கில் அணியைக் கலைப்பதில் பயனில்லை. தொடர்ந்து இரண்டு நாள் ஆட்டம் இருக்கும்போது, அதிகம் பெனால்டி வாங்கவைக்கும் எதிரணிக்கு முதன்மைக் கோல்காப்பாளரை ஒதுக்குங்கள். அட்டவணையை ஒரு வாரம் முன்னால் பார்த்தால் இதைத் திட்டமிடலாம்.

8. எவ்வளவு காலம் பொறுப்பது?

20 தடவையில் 4 கோல் என்றால் 80 சதவீதம். அதே 20-இல் 6 கோல் என்றால் 70 சதவீதம். இடையில் இருப்பது இரண்டே இரண்டு கோல். ஐந்தாறு ஆட்டத்தில் பக் இரண்டு தடவை காலில் பட்டுத் திரும்பினாலே இவ்வளவு வரும். அதைப் பார்த்துப் பதறி, மூன்றாவது வாரத்தில் முழு அணியையும் மாற்றியவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

பெனால்டி கில் வீதத்தை எண்பது, நூறு தடவை சேரும்வரை தீர்ப்பாக எடுக்காதீர்கள். அதாவது 20, 25 ஆட்டம். மைனர் எண்ணிக்கை அதைவிட விரைவாக நிலைக்கு வரும். ஒவ்வொரு ஆட்டத்திலும் பல வந்து சேர்கின்றன, ஒரு கோலின் அதிர்ஷ்டத்தில் அது தங்கியில்லை. 5-ஆம் படியில் செய்த மாற்றம் வேலை செய்கிறதா என்று பத்து ஆட்டத்தில் ஓரளவு தெரிந்துவிடும். இதுவும் ஒழுக்கத்தை முதலில் வைப்பதற்கு ஒரு காரணம்: செய்ததன் பலனைச் சீக்கிரம் அளக்கலாம்.

9. பேரம் பேசும்போது

வாங்குவது கடைசிப் படி. அணிக்கு எது குறை என்று இப்போது உங்களுக்குத் தெரியும், பேரத்தில் அதற்கு மட்டும் விலை கொடுங்கள்.

மற்ற முகாமையாளர்கள் பலர் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தே பேரம் பேசுகிறார்கள். மொத்தம் 71 உள்ள டிசிப்ளின் மிக்க பின்கள வீரரைவிட, மொத்தம் 73 உள்ள அடிக்காரருக்குக் கூடுதல் விலை போகும். நீங்கள் 73-ஐக் கொடுத்து 71-ஐயும் ஒரு டிராஃப்ட் தெரிவையும் (புதிய வீரரை எடுக்கும் உரிமையையும்) கேளுங்கள். பல நேரம் சம்மதிப்பார்கள். கேட்கும்போது "இவர் பெனால்டி வாங்க மாட்டார், அதனால வேணும்" என்று விளக்கம் சொல்லாதீர்கள், விலை ஏறும்.

ஒரு எச்சரிக்கை. வாங்கப்போகிறவர் மைனர் குறைவாக வாங்கியதற்குக் காரணம் அவருடைய டிசிப்ளினா, இல்லை அந்த அணியில் மோதல் புள்ளி பூச்சியமா என்று பாருங்கள். எண் தாழ்வாக இருந்தும் மைனர் குறைவு என்றால் அது அந்த அணியின் அமைப்பு. உங்களிடம் வந்ததும் மாறலாம்.

10. ஒழுக்கம் மிஞ்சும் இடம்

இதையெல்லாம் படித்துவிட்டு மோதலை எல்லா வரிசைக்கும் பூச்சியமாக்கி, செக்கிங் உள்ள எல்லோரையும் விற்றுவிட்டு, பெனால்டியே வாங்காத அணியைக் கட்டியவர்களும் உண்டு. ஆட்டத்துக்கு இரண்டே தடவைதான் ஆள் குறைந்தார்கள். ஐந்துக்கு ஐந்தில் பக் அவர்களிடம் இருக்கவே இல்லை.

எதுவரை குறைக்கலாம் என்பதற்கு நான் பார்ப்பது ஒரே ஒரு ஒப்பீடு. மைனர் குறைந்ததால் பவர் பிளேயில் மிச்சமான கோல் ஒரு பக்கம். அதே காலத்தில் ஐந்துக்கு ஐந்தில் கோல் வித்தியாசம் எப்படி மாறியது என்பது மறுபக்கம். பத்து ஆட்டத்தில் பவர் பிளேயில் 2 கோல் மிச்சமாகி, ஐந்துக்கு ஐந்தில் 4 கோல் பின்தள்ளினால், எடுத்த மோதல் புள்ளியில் ஒன்றை இரண்டாம், மூன்றாம் வரிசைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள். முதல் வரிசைக்குக் கொடுக்க வேண்டாம். அங்கே உள்ளவர்கள் பெனால்டிப் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் விலை கூடியது.

உங்களுக்குக் கிடைக்கும் பவர் பிளேகளையும் இதே தாளில் எழுதுங்கள். மோதலைக் குறைத்தபின் அதுவும் சேர்ந்து குறைகிறதா என்று பாருங்கள். நீங்கள் வாங்குவது ஒன்று குறைந்து, கிடைப்பதும் ஒன்று குறைந்தால் அந்த மாற்றத்தால் லாபமில்லை.

பிளேஓஃபுக்கு முன் தாளை மறுபடி திறந்து 4-ஆம் படியை, கடைசி 25 ஆட்டத்தின் எண்களை வைத்து மட்டும் செய்யுங்கள். பருவத்தின் நடுவில் வந்தவர்கள் முழுப்பருவச் சராசரியில் மறைந்திருப்பார்கள். மூன்று பேர் அணியில் நிற்பவர்களையும் அதே நாளில் பாருங்கள், விற்றுப்போன வீரரின் இடத்தை மென்பொருள் தானாக நிரப்பியிருக்கக்கூடும். முதல் சுற்றுத் தொடங்கும் நாளுக்கு முதல்நாள் மாலை வரிசைகளை அனுப்பிவிட்டு, லீக் பக்கத்தைத் திறந்து நீங்கள் அனுப்பிய கோப்பின் திகதியும் நேரமும் அங்கே விழுந்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.